படிக்கு உள்ளேயா, வெளியேயா

லென்ஸ் துடைக்கும் நீலத் தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறியதும், "முதல்ல அந்த ரெஃப்ரிக்கு ஒரு ஜோடி போட்டுக் குடுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கடையில் என்னையும் மின்விசிறியையும் தவிர யாருமில்லை. "எந்த ரெஃப்ரி சார்?" என்றாள். தென்காசிப் பக்கத்துத் தமிழ். கொச்சியில் இந்தத் தோப்பும்படிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை போலிருக்கிறது. பேச்சில் 'சேட்டா' இன்னும் ஒட்டவில்லை. "யாருமில்லம்மா, பழக்கதோஷம்" என்று அசடு வழிந்தேன்.

உன் கடைக்குள் நுழையும்போதெல்லாம் நான் சொல்கிற வாசகம் அது. கோபப்படாதே. வேறொரு கடையில் போய்க் கண்ணைக் காட்டியது துரோகம்தான். என்ன செய்ய? மட்டாஞ்சேரியில் உன் கடை இருந்த இடத்தில் இப்போது காப்பி விற்கிறார்கள். நுரையின்மேல் இலை வரைந்து தருகிறார்கள். இடது கண் மங்குகிறது என்று அங்கே போய்ச் சொன்னால், கூட ஒரு இலை வரைந்து தருவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண் என் மூக்கில் இரும்பு வளையத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இதுவா, இதுவா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'இதுதான்' என்றேன். நீயாக இருந்தால் தலையில் குட்டியிருப்பாய். கடைசியில் அவளே முடிவு செய்துகொண்டு சொன்னாள்: "இடது கண்ல பவர் நல்லா ஏறியிருக்கு சார். மாத்திருங்க. அவசரம் இல்ல."

மூக்கில் இரும்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் நீ சொன்னதும் அந்த இரண்டே சொற்கள். அவள் எந்த மொழியில் சொன்னாள் என்பதில் சந்தேகமே இல்லை. நீ எந்த மொழியில் சொன்னாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்தால், நீ போவதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனாயா, சொல்லாமல் போனாயா என்பது தெரிந்துவிடும். ஒரு வருஷமாக இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மரகதம்கூடக் கேட்டுவிட்டாள், எதையாவது விழுங்கித் தொலைத்துவிட்டீர்களா என்று.

இதைப் படிக்கப்போகிறவர்கள் நீயல்ல என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். தமிழில் அவசரம் என்றால் காலில் நெருப்புப் பட்டமாதிரி ஓடுவது. மலையாளத்தில் அதே அவசரம் என்றால் வாய்ப்பு. மலையாளத்தில் கால்பந்து வர்ணனை செய்கிறவர், "அவசரம் பாழாக்கி!" என்று கத்தினால், கோலுக்கு முன்னால் ஒருவன் பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டான் என்று அர்த்தம். அவசரப்பட்டுத்தான் அவசரத்தைப் பாழாக்கினான் என்று நீ அதற்கு உரை சொல்வாய். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் கிடந்து, வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக வளர்ந்த உனக்கும் எனக்கும் அந்தச் சொல் எப்போதும் இரண்டு பக்கமும் தேய்ந்த நாணயம்.

உன் கடையை அந்தத் தெருவில் யாரும் கண்ணாடிக் கடை என்று சொன்னதில்லை. 'களி பறயுந்ந கட' என்றார்கள், ஆட்டம் பேசுகிற கடை. பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனையும் உன் மேஜையிலிருந்து நீலத் தண்ணீர் வாசனையும் கலந்து வரும். மதியம் கழிந்தால் நான் லாட்ஜிலிருந்து நழுவி வருவேன். "எந்தா மானேஜரே, இன்னைக்கு யாரு யாரோட?" என்பாய். அறை எடுத்தவர்களின் கதையை நான் அவிழ்ப்பேன். சாயா வரும்வரை வம்பு, சாயா வந்தபின் விளையாட்டு என்பது கடையின் முறை. நான் வாரப் பத்திரிகையில் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளை நீ ஒரு பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு படிப்பாய். "கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "கண்ணு நல்லாத்தான் இருக்கு. நகைச்சுவை எங்கே இருக்குன்னு தேடறேன்" என்பாய். இன்றுவரை அதைவிடச் சரியான விமரிசனம் எனக்கு வந்ததில்லை.

சுவரில் உன் அப்பா காலத்தில் கண் சோதிக்க வைத்த தமிழ் எழுத்துப் பலகை தொங்கியது. மட்டாஞ்சேரியில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். உன் மகனே மலையாளம்தான் சரளமாகப் படிப்பான். ஆனாலும் நீ அதைக் கழற்றவில்லை. தோப்பும்படி மீன் துறைமுகத்தில் ஏலம் கூவுகிற ஜோசி, பிரேசில் ரசிகன், ஒருநாள் ரெஃப்ரி கொடுத்த பெனால்டியைப் பற்றிச் சண்டைக்கு வந்தபோது, "முதல்ல உன் கண்ணைப் பார்ப்போம்" என்று அவனை அந்தப் பலகைக்கு எதிரே உட்காரவைத்தாய். அவனுக்கு ஓரெழுத்து தமிழ் தெரியாது. அசரவில்லை. "மேலே ஒரு இறால். அதின்றெ அடியில் தூண்டில். பின்னே ஒரு கொக்கி, ஒரு வல" என்று மளமளவென்று ஒப்பித்தான். 'ழ' அன்றிலிருந்து நமக்கு இறால். அவன் கண் முழுசும் சரியாக இருந்தது. பெனால்டியும் சரிதான் என்று நீ ஒத்துக்கொண்டாயா? அது எப்படி ஒத்துக்கொள்வாய்!

நீ ஒத்துக்கொள்கிற ஆள் அல்ல. அதுதான் விஷயம். அதை இங்கே அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

தெரு முழுக்க அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்குமாகப் பிரிந்து கிடக்க, நீ ஒருவன் மட்டும் ஹாலந்து. கேட்டால், "நம்மளை ஆண்டவங்க இல்லியா? இங்கே இருக்கற அரண்மனையைப் பூசிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்பாய். இங்கே டச்சுக்காரனுக்கு லந்தக்காரன் என்று பேர். அதனால் ஜோசி உன்னை லந்தா என்றான். நம் தமிழில் லந்து என்றால் குறும்பு என்று நான் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது. மூன்று தடவை உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம்வரை போய் மூன்று தடவையும் தோற்ற அணி. "வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?" என்றேன். "ஜெயிக்கறவனுக்குத்தான் கோடிப் பேர் இருக்காங்களே. இவனுக்கு இங்கே நான் ஒருத்தன்" என்றாய். உலகக் கோப்பை வந்தால் விளக்குக் கம்பத்தில் உன் ஒற்றை ஆரஞ்சுக் கொடி ஏறும். நிறத்தைப் பார்த்து ஒரு கட்சிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போவார், இன்னொரு கட்சிக்காரர் முறைத்துவிட்டுப் போவார். இருவருக்கும் நீ ஒரே சிரிப்பைச் சிரிப்பாய்.

கூடைப்பந்தை நம் கடைக்குக் கொண்டுவந்தது லீலாம்மா சேச்சி. கல்லூரி அணிக்கு ஆடியவள், இன்றும் நின்றால் கடையின் டியூப்லைட் தலையில் இடிக்கும். பக்கத்தில் தையல் கடை. "மானேஜர் எழுந்து நின்னாலும் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கு" என்று முதல் நாளே என் உயரத்துக்குத் தீர்ப்பு எழுதியவள். அமெரிக்காவில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம், அதற்கு ஃப்ரீ ஏஜென்சி என்று பேர், அந்தக் கூத்து நமக்கு மழை பிடிக்கிற சமயத்தில் நடக்கும் என்று விளக்கினாள். நமக்கு அது பிடித்துப்போயிற்று. ஆட்டத்தைவிட அது ருசியாக இருந்தது. யார் யாரை விட்டு யாரோடு போகிறான் என்பது விளையாட்டா? அது என் லாட்ஜ் சமாசாரம்! ஆட்டக்காரர்களின் பெயர் நம் வாயில் நுழையாததால் நீயே பெயர் வைத்தாய். ஒருவன் கிணற்றுவாளி, ஒருவன் கோபக்கார மாமா. உனக்குப் பிரியமானவன் ஒட்டகச்சிவிங்கி. சின்ன ஊர் அணி ஒன்று அவனைப் பையனாக எடுத்து வளர்த்திருந்தது. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது. அவன் அதை விட்டுப் போகலாமா கூடாதா என்று இங்கே சாயா ஆறிப்போகும்.

இனி அந்தச் சட்டம் வந்த கதை. ஒருநாள் ஜோசி லாட்ஜுக்கு போன் செய்து, "லந்தன்றெ கடையில் ஒரு அவசரம் உண்டு, ஓடி வா" என்றான். நீ விழுந்துவிட்டாய் என்றே முடிவு கட்டினேன். கட்டிய லுங்கியோடு, ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் யாரோ விருந்தாளியின் செருப்புமாக, பஜார் ரோடு முழுக்க ஓடி வந்து உன் கடையில் விழுந்தேன். நீ வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு நின்றாய். கலூர் மைதானத்தில் அன்றைய ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் மிச்சமாம். அதுதான் அவசரம்! லுங்கியோடு வரமாட்டேன் என்று நான், மாற்றிக்கொண்டு வர நேரமில்லை என்று நீங்கள்; டிக்கெட் லீலாம்மா சேச்சிக்குப் போயிற்று. எனக்குப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற வேலை.

மறுநாள் நீ சட்டம் போட்டாய். கடைப்படியைக் காலால் தட்டிக் காட்டி, "கேட்டுக்கோ எல்லாரும். இந்தப் படிக்கு உள்ளே அவசரம்னா சான்ஸ். படிக்கு வெளியே அவசரம்னா அவசரம். இதுல தகராறு வந்தா அவனுக்கு சாயா இல்லை" என்றாய். ஜோசி கை தட்டினான். அதன்பின் அந்தச் சொல்லால் தகராறே வந்ததில்லை. உள்ளே நின்று, "ஹாலந்துக்கு இனி அவசரம் இல்லை" என்றால் கதை முடிந்தது என்று பொருள். வெளியே வந்து, "மெதுவா போ, அவசரம் இல்லை" என்றால் லாட்ஜுக்கு மெதுவாகப் போகலாம் என்று பொருள். இப்படி ஒரு படியை நம்பி வாழ்ந்தோம்.

போன மழைக்காலம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. கடலில் ஒரு கப்பல் கவிழ்ந்து, அதிலிருந்த ரசாயனம் தண்ணீரில் கலந்துவிட்டதென்று மீன் வாங்கவே ஜனம் பயந்தது. அது தெளிவதற்குள் அமெரிக்காக்காரன் இறால்மேல் வரி போடப்போகிறான் என்று பேச்சு. "நம்ம இறால் அங்கே போகக்கூடாது, அவன்றெ பந்துகளி மட்டும் இங்கே வரலாம், இது எந்து நியாயம்?" என்று ஜோசி குமுறினான். "ழ-வுக்கு வரியா?" என்று நீ பலகையைப் பார்த்தாய். உன் தலைக்குமேல் ஒரு வரி ஏற்கெனவே விழுந்திருந்தது: கட்டடத்துக்காரர் விற்கப்போவதாகச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து மகன், "அங்கே எதுக்கு? ரெண்டு பேரும் இங்கே வந்துடுங்க" என்று ஞாயிறு தவறாமல் கூப்பிட்டான்.

அதனால் அந்த வருஷம் ஒட்டகச்சிவிங்கியின் விவகாரம் சூடாக இருந்தது. அவனுக்கு ஒப்பந்தம் முடிந்திருந்தது. பெரிய ஊர்கள் கூப்பிட்டன. "போகக்கூடாது. வளர்த்த ஊர். போனா நான் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாய். "அவன் உன் முகத்துல என்னைக்கு முழிச்சான்?" என்று நான். "முதலாளி வேண்டாம்னு நினைச்சா ஒரே காலையில ஆளை வித்துடுவான். அப்ப ஊர்ப்பாசம் எங்கே போகுது? அவனவன் காலம் முடியறதுக்குள்ள அவனவன் பார்த்துக்கணும். போகட்டும் விடு" என்று பேசினேன். எனக்கு அதில் பெரிய கொள்கை ஒன்றுமில்லை. நீ எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் என் பக்கம், அவ்வளவுதான். நீ எழுத்துப் பலகையைக் காட்டி, "நான் போனா இதை யாரு படிப்பா?" என்றாய். "நீ இருந்தா மட்டும் யாரு படிக்கறா?" என்றேன். லீலாம்மா சேச்சி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து என்னை ஒரு அடி வைத்தாள்.

அந்த நாள். இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

வயிற்றில் கொஞ்ச நாளாக என்னவோ என்று எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். உன் வீட்டுக்காரி தங்கம் கூட வருகிறேன் என்றதற்கு, மழையில் எதற்கு என்று தடுத்துவிட்டுத் தனியாகப் போனாய். கடையைச் சேச்சி திறந்து வைத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே. அப்போதுதான் ஜோசியின் போனில் செய்தி வந்து விழுந்தது: ஒட்டகச்சிவிங்கி சின்ன ஊரை விட்டுவிட்டான்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "லந்தன் வந்நால் கரையும்" என்றான் ஜோசி. இங்கே கரைவது என்றால் அழுவது. "கரையட்டும், கரையட்டும்" என்று நான் கையைத் தேய்த்தேன்.

நீ வந்தாய். படியில் நின்று குடையை மடக்கி உதறினாய்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன். வாய் கேட்டது, மனசு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றது.

"அவசரம் இல்லை" என்றாய்.

"அப்பாடா! அப்ப உள்ள வா. உனக்கு வேற வியாதி வச்சிருக்கேன். உன் ஆளு ஓடிட்டான்!"

நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தாய். சட்டையால் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும் என்று ஊரையே திட்டுகிற நீ, சட்டையால் துடைத்தாய்.

"எங்கே போனான்?"

"வலிய ஊரிலேக்கு. பின்னே எங்கே?" என்றாள் சேச்சி.

"சரி. போகட்டும்."

"போகட்டுமோ?" ஜோசி எழுந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "எடோ லந்தா, நினக்கு பனியுண்டோ?" பனி என்றால் காய்ச்சல்.

"காய்ச்சல் ஒண்ணுமில்ல. மானேஜர் சொன்னதுதான் சரி. போறவனைப் பிடிச்சு வைக்கக்கூடாது. முடிஞ்சா முடிஞ்சதுதான்."

நான் சொன்னது சரி என்று நீ சொன்னாய்! இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டூலின்மேல் ஏறி நின்று, கோல் போட்டவன்போல இரண்டு கையையும் தூக்கினேன். "அப்பவும் சேச்சி தோள்வரைக்கும்தான் வர்றான்" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தோம். ஜோசி பழம்பொரி வாங்கி வந்தான். மழை விடுகிறவரை பேசினாய். என்றுமில்லாத மாதிரிப் பேசினாய். கிணற்றுவாளியைப் பற்றி, கனடாவின் குளிரைப் பற்றி, ஹாலந்துக்காரன் கடைசி நிமிஷத்தில் ஏன் கால் நடுங்குகிறான் என்பதைப் பற்றி. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மரகதத்திடம் அறிவித்தேன்: "இன்னைக்கு அவனை ஜெயிச்சுட்டேன்." அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவர் உடம்பு எப்படியிருக்காம்?" என்றாள். "அவசரம் இல்லைன்னுட்டாங்க" என்றேன். நானும் அதை அப்படியே சொன்னேன் பார், ஒரு எழுத்து மாறாமல்.

அடுத்து வந்த வாரங்களில் நீ இளைத்தாய். கேட்டால் வயிற்றில் கேஸ் என்றாய். சட்டை பெரிதாகிக்கொண்டே போயிற்று. "சேச்சி பிடிச்சுத் தச்சுத் தருவா" என்றாய். அவளும் பிடித்துத் தைத்தாள், இன்னொரு தடவையும் தைத்தாள். கர்க்கடகத்து, அதாவது நம் ஆடி மாதத்து, அடைமழையில் ஒரு காலை நீ எழுந்திருக்கவில்லை. ஜோசி தன் மீன் வண்டியில்தான் உன்னைக் கொண்டுபோனான். வேறு வண்டி வரக் காத்திருக்க முடியவில்லை. அது தமிழ் அவசரம். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்தச் சொல் திரும்பி வந்தது. உன் காரியங்கள் முடிந்து, என் வீட்டுப் படியில் செருப்பை விடும்போது வந்தது. 'அவசரம் இல்லை' என்று நீ சொன்னது வெளியே நின்றா, உள்ளே நின்றா? வெளியே என்றால், பதற ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நீ நம்பிவிட்டு வந்தாய். அல்லது எங்களை நம்பவைத்தாய். உள்ளே என்றால், உன் சட்டப்படி, எங்கள் மூன்று பேர் முகத்துக்கு நேரே, இனி வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டாய். நான் அதற்கு 'அப்பாடா' என்றேன்.

விசாரணை நடத்தினேன். சிரிக்காதே. ஜோசி, "உள்ளில்தன்னே. குட மடக்கியில்லே? மடக்கியால் உள்ளில்" என்றான். பிரேசில்காரன் தீர்ப்பு எப்போதும் அவசரத் தீர்ப்பு. தங்கம் பாலக்காட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் கேட்டேன். "எங்கிட்ட கேஸ்னுதான் சொன்னார் அண்ணா. நான் தினம் ஓமத்தை வறுத்து வறுத்துக் குடுத்தேன். மூக்கைப் பிடிச்சுண்டு குடிச்சார்" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டேன். லீலாம்மா சேச்சி ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். பிறகு சொன்னாள்: "நான் காலைத்தான் பார்த்தேன். ஒண்ணு உள்ளே. ஒண்ணு வெளியே, மழையில். அது நனைஞ்சுக்கிட்டே இருந்தது."

கோட்டின்மேல் பந்து. முழுசும் தாண்டியதா இல்லையா? பெரிய மைதானங்களில் இதற்குக் காமிரா வைத்திருக்கிறார்கள். நம் கடைப்படிக்கு இருந்தது நான் ஒருவன்தான். அந்த ரெஃப்ரி அன்று இன்னொரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ வேண்டுமென்றே அப்படி நின்றாயா? உன் லந்து எனக்குத் தெரியும். சொன்னமாதிரியும் இருக்கவேண்டும், சொல்லாதமாதிரியும் இருக்கவேண்டும் என்று ஒரு காலை வெளியே வைத்திருந்தாயா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த மொழியில் எடுத்துக்கொள்கிறான் என்று காத்து நின்ற நேரமா அது? இல்லை, குடையை உதறுகிற மனுஷன் எல்லோரும் நிற்கிறமாதிரிச் சும்மா நின்றாயா? இரண்டாவதாக இருந்தால் நல்லது என்று சில நாள் தோன்றும். உனக்கே தெரியாமல் போயிருந்தால் நீ அன்று தனியாக இருந்திருக்க மாட்டாய். அப்புறம் நீ சட்டையால் கண்ணாடியைத் துடைத்தது ஞாபகம் வரும்.

இப்போது மறுபடி மழை. மறுபடி உலகக் கோப்பை, அதுவும் அமெரிக்காப் பக்கத்தில். தெருவில் நீலமும் மஞ்சளும் ஏறிவிட்டன. போன வாரம் ஜோசி உன் ஆரஞ்சுக் கொடியை ஒரு மீன் பையில் கொண்டுவந்தான். பிரேசில்காரன் ஹாலந்துக் கொடியை ஏந்தி வந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். கம்பத்தில் கட்டினோம். காப்பிக்கடைப் பையன்கள் நல்லவர்கள்தான், ஏணி கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் கும்பிடவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மூன்றாம் நாளே மழையில் அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துவிட ஆளில்லை. நாங்கள் மூவரும் சேச்சியின் தையல் கடையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். ஹாலந்து ஜெயிக்கும் என்று நான் சொன்னேன், எதிர்க்க ஆளில்லை. ஹாலந்து தோற்கும் என்று சொன்னேன், அதற்கும் ஆளில்லை. ஜோசி, "சரி" என்றான். அந்தச் சரியைக் கேட்டதும் மூவரும் சாயாவைக் குடிக்காமலே எழுந்துவிட்டோம்.

காப்பிக்கடை கட்டும்போது படியையும் உடைத்துத் தரையோடு தரையாகச் சமப்படுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலகை தங்கத்தோடு பாலக்காடு போய்விட்டது.

தோப்பும்படிப் பெண் என் மூக்கிலிருந்து இரும்பை எடுத்துவிட்டு, "என்ன ஃப்ரேம் பார்க்கறீங்க சார்?" என்றாள். நீ போட்டுக் கொடுத்த ஃப்ரேமைக் கழற்றி நீட்டி, இதிலேயே புது லென்ஸ் போட முடியுமா என்று கேட்டேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ரொம்பப் பழசு சார். சூடு காட்டினா விண்டுரும். வேற பார்த்துக்கலாமே?"

வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பாலத்தின்மேல் வரும் பஸ் எந்த ஊர் பஸ் என்று தெரிவதில்லை. பக்கத்தில் வந்ததும் ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி இறங்குகிறேன். லாட்ஜில் நேற்று ஒரு கணவன் மனைவியை அப்பா மகள் என்று நினைத்து இரண்டு அறை கொடுத்துவிட்டேன். மரகதம் தினமும் கேட்கிறாள், எப்போது கண்ணாடி மாற்றப்போகிறீர்கள் என்று.

"அவசரம் இல்லை" என்கிறேன். எந்த மொழியில் என்று அவள் கேட்பதில்லை.